கூட்டத்தைக் கடந்து போகலாமா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் மணவூருக்கு அடுத்த நிறுத்தம் திருவாலங்காடு. வீடு, வாணிகச் செல்வம், உடல் வனப்பு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த சுடுகாடு அது. அரக்கோணத்தைத் தாண்டிப் போனால் திருத்தணி. டிசம்பர் 31 இரவு அந்த மலைப்படிகளில் கால் வைக்க இடம் கிடைப்பது அரிது. ஒருத்தி தனியே போய்க் கடவுளைக் கண்ட இடமும், ஊர் திரண்டு பாடிக்கொண்டே கடவுளிடம் ஏறும் இடமும் மணவூர்க்காரருக்கு ஒரே நாளில் போய்வரும் தூரம்தான்.

இந்த வட்டாரத்தில் பாடுபவர்கள் இருக்கிறார்கள், எழுதுபவர்கள் இருக்கிறார்கள், இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு திருமுறையோ திருக்குறளோ படிப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூட்டலாம் என்று யாராவது கிளம்பினால் முதலில் வரும் மறுப்பு இதுதான்: “அவரவர் வீட்டில் செய்வதை எதற்கு மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டும்?” ஊக்கம் கிடைக்கும், அறிமுகம் கிடைக்கும் என்று பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதில் போதாது. உள்ளுக்குள் நடக்கும் ஒன்றுக்கு வெளியே நாலு பேர் எதற்கு என்பது மண்டப வாடகையைவிடப் பழைய கேள்வி. சமயத்தின் அடிப்படையைத் தொடும் கேள்வியும்கூட.

தமிழ்ச் சைவம் இதை ஒரு சண்டையாகவே சொல்லி வைத்திருக்கிறது. திருவாரூர்க் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் வருகிறார். மண்டபத்துக்குள் நுழையாமல் ஒதுங்கி, நேரே இறைவன் சன்னிதியை நோக்கி நடக்கிறார். மலைநாட்டுச் செங்குன்றூரிலிருந்து வந்திருந்த விறன்மிண்டருக்குப் பொறுக்கவில்லை. அடியாரை வணங்காமல் போகும் சுந்தரர் இந்தத் திருக்கூட்டத்துக்குப் புறம்பு என்கிறார். அதோடு நிற்கவில்லை. அவரை ஆண்டுகொண்ட சிவனும் புறம்பு என்கிறார்.

கடவுளையே வெளியே நிறுத்தும் துணிச்சல் இந்தக் கதையில் எல்லோரும் பேசுவது. அதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. சேக்கிழார் சொல்கிறபடி சுந்தரருக்குச் செருக்கு எதுவும் இல்லை. இவர்களுக்கெல்லாம் நான் அடியவனாகும் நாள் எந்நாளோ என்று மனத்துக்குள் உருகியபடியேதான் அவர் ஒதுங்கிப் போகிறார். மனம் மண்டபத்துக்குள் போய்விட்டது, கால் போகவில்லை. விறன்மிண்டர் அந்த மனக்கணக்கை ஏற்கவில்லை. இறைவனும் விறன்மிண்டர் பக்கமே நின்றான் என்றுதான் கதை முடிகிறது. அடியாரைப் பாடு என்று சொல்லி, பாட்டின் முதலடியையும் அவனே எடுத்துக் கொடுக்கிறான். அப்படிப் பிறந்தது திருத்தொண்டத் தொகை. பதினொரு பாட்டு. அதை நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதியாக விரித்தார், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணமாக வளர்த்தார். ஒருவர் ஒரு கூட்டத்தைக் கடந்து போனதற்கு ஈடுசெய்ய ஒரு பெருங்காப்பியம் வரை வேண்டியிருந்தது.

அப்படியானால் அம்மையார்? அவர் எந்த மண்டபத்தையும் தேடவில்லையே. திருவாலங்காட்டில் அவர் பாடிய இரண்டு பதிகங்களையும் படித்தால் அந்தத் தனிமை நாம் நினைக்கும் தனிமை இல்லை என்று தெரிகிறது. அங்கே பேய்கள் திரிகின்றன, அவற்றுக்குக் குடும்பம் இருக்கிறது. ஒரு பேய்த்தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டிக் காளி என்று பேர் வைக்கிறாள். உலகம் ஒதுக்கியவற்றின் கூட்டத்தில் அம்மையார் ஒருவராகி, அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று நடனத்தைப் பார்க்கிறார். இரண்டு பதிகங்களின் கடைசிப் பாட்டிலும் இதைப் பாட வல்லவர்க்கு என்ன கிடைக்கும் என்று சொல்லி முடிக்கிறார். பாடப்போகும் யாரோ ஒருவரை, இன்னும் பிறக்காத ஒருவரையாவது, அவர் எதிர்பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் சம்பந்தர் இவ்வூர் வந்தபோது அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதிக்கக் கூசி அருகில் வேறோர் ஊரில் தங்கினார். எம்மைப் பாட மறந்தாயோ என்று இறைவன் கனவில் கேட்டான் என்கிறது புராணம். மரியாதை காரணமாக விலகி நிற்பதையும் இந்த மரபு நெடுநேரம் அனுமதிப்பதில்லை.

இனித் திருத்தணி.

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1870இல் பிறந்தவர். துறவுக்கு முன் பெயர் அர்த்தநாரி, மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை. தீராத வயிற்று நோயோடு பழனிக்குப் போனவரின் காதில் அங்கே விழுந்த ஒரு திருப்புகழ்ப் பாட்டு அவர் வாழ்வைத் திருப்பியது என்பது அவர் வரலாறு. திருவண்ணாமலையில் சேஷாத்ரி சுவாமிகளின் சொல் கேட்டு வள்ளிமலைக்குப் போனார், 1950இல் மறையும்வரை திருப்புகழே மந்திரம் என்று வாழ்ந்தார். அவர் காலத்தில் ஜனவரி முதல் தேதி வந்தால் அரசு வேலையில் இருந்தவர்கள் மாலையும் பழமுமாக வெள்ளைக்காரத் துரைகளின் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். சுவாமிகள் அவர்களைத் திருத்தணிக்குத் திருப்பினார். துரைகளுக்கெல்லாம் துரை அங்கே இருக்கும்போது வேறு வாசல் எதற்கு என்பது அவர் கேட்டதன் சாரம். 1917இல் தொடங்கியது என்று வழங்கிவரும் அந்தத் திருப்படித் திருவிழா இன்றுவரை டிசம்பர் 31 இரவு நடக்கிறது.

கூட்டம் கூட்ட நினைக்கும் எவரும் அந்த ஏற்பாட்டை உற்றுப் பார்க்க வேண்டும். சுவாமிகள் சித்திரை முதல் நாளையோ ஆடிக் கிருத்திகையையோ தேர்ந்தெடுக்கவில்லை. ஆள்பவர்களின் காலண்டர் கொடுத்த தேதியை எடுத்துக்கொண்டார். அன்றுதான் அந்த மக்களுக்கு விடுமுறை, அன்றுதான் அவர்கள் தவறான வாசலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலப் புத்தாண்டு நள்ளிரவில் கோயில் நடை திறக்கலாமா என்ற சர்ச்சை இன்றும் டிசம்பர்தோறும் எழுகிறது. ஆகம நோக்கில் அதைக் கேட்பவர்களின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனாலும், ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து அவர்களை அழைத்துப் போகத் தெரிந்த சுவாமிகளின் வழி அதைவிடக் கருணை மிக்கது.

அடுத்தது, பாடும் முறை. மலைக்குப் படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒரு படி வீதம் என்று சொல்வார்கள். படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடி ஏறுவது முறை. இதில் மேடை கிடையாது. தலைமை தாங்குபவருக்கு நாற்காலி கிடையாது. மற்ற விழாக்களில் தவிர்க்கவே முடியாத பொன்னாடை இதன் அமைப்பிலேயே நுழைய வழியில்லை, ஏனென்றால் கூட்டம் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. துரை வீட்டு வாசலில் நின்ற வரிசை பதவிப்படி அமைந்த வரிசை. தணிகைப் படியில் அதே ஆட்கள் அந்த வரிசையைக் கலைத்துவிட்டு நின்றார்கள். பாட்டு முடியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. கால் வலுவுள்ள இளைஞனும் மூட்டு வலிக்கும் பாட்டியும் ஒரே வேகத்தில்தான் ஏறியாக வேண்டும்.

திருப்புகழுக்கென்றே இன்னொன்று உண்டு. அது சந்தப் பாட்டு. வீட்டில் தனியே பாடுகிறவர் இடறும் இடத்தில் சற்று நிதானித்து, ஒரு சீரை விழுங்கி, தனக்குத் தெரிந்த மாதிரி முடித்துக்கொள்ளலாம். ஜால்ராவும் தாளமும் நாற்பது குரலும் சேர்ந்த இடத்தில் அது நடக்காது. பிழை உடனே கேட்கும். அதே நேரம் அடுத்தவர் குரல் அந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்து நடத்திச் செல்லும். தன் பிழையைத் தானே காண்பது எவருக்கும் கடினம். கூடிப் பாடும்போது மனம் நோகாமல் அது காட்டப்படுகிறது. எழுத்துக்கும் இது பொருந்தும். தன் வீட்டில் எழுதியதைப் பத்துப் பேர் முன் உரக்கப் படிக்கிறவருக்கு எந்த வாக்கியம் பொய் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, படிக்கும்போதே நாக்கு அங்கே தயங்கும்.

அந்தப் பாட்டுகளே சிதறிக் கிடந்தவைதான். அருணகிரிநாதர் எத்தனை பாடினார் என்ற கணக்கு மரபில் பல்லாயிரம். கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூறை ஒட்டியவை. அவையும் யார் யார் வீட்டுப் பரணிலோ ஓலையாக இருந்தவை. நீதித்துறையில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909), சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கு ஒன்றில் ஒரு திருப்புகழ்ப் பாட்டைச் சான்றாகக் காட்டக் கேட்டு வியந்து, ஊர் ஊராகத் தேடி ஓலைகளைச் சேர்த்து, 1890களில் அச்சேற்றத் தொடங்கினார். தணிகை முருகனுக்குரிய செங்கல்வராயன் என்ற பெயரையே மகனுக்கு வைத்தார். அந்த மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை தந்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து உரையும் எழுதினார். பாட்டைக் கூட்டியவர்கள் முன்னே வந்தார்கள், பாடுபவர்களைக் கூட்டியவர் பின்னே வந்தார். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

மணவூருக்கும் இதில் பங்கு உண்டு. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துப் படைத்தலைவன் மணவிற் கூத்தன் காலிங்கராயன், நரலோக வீரன் என்று புகழ் பெற்றவன். தில்லையில் பொன் வேய்ந்ததும் மண்டபங்கள் எடுத்ததும் மூவர் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்ததும் அவன் செய்த பணிகளென்று சிதம்பரத்துக் கல்வெட்டுப் பாடல்கள் சொல்கின்றன. அவன் பெயரின் முன்னால் நிற்கும் மணவில் இன்றைய மணவூர் என்பது அறிஞர் கொள்கை. போர்க்களத்தில் வாழ்ந்த ஒருவன் பாட்டு சிதறிவிடக் கூடாது என்று செம்பில் பொறித்தான், அதைப் பலர் கூடி ஓத இடமும் எடுத்தான்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வழக்கை வள்ளலார் வாழ்க்கையே பேசுகிறது. இளம் வயதில் சென்னையில், வீட்டு மாடியறையில் கண்ணாடி முன் விளக்கேற்றி அமர்ந்த இராமலிங்கருக்கு அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தான் என்பர். திருத்தணியின் மீது அவர் நிறையப் பாடியிருக்கிறார். அந்த அறையில் கூட்டம் எதுவும் இல்லை. அதே மனிதர் 1865இல் சங்கம் கண்டார், 1867இல் வடலூரில் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார், 1872இல் ஞானசபையை எழுப்பினார். பிறகு? தம் நெறியைக் கேட்க வந்தவர்கள் அதை ஏற்று நடக்கவில்லையே என்ற வேதனைதான் அவருக்கு மிஞ்சியது. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தனியறையில் தொடங்கித் தனியறையில் முடிந்த வாழ்க்கை என்று இதைப் படிக்கலாம். கூட்டம் தோற்றது என்றும் சொல்லலாம். ஆனால் வடலூரில் அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பேச்சைக் கேட்க வந்த கூட்டம் அவரை ஏமாற்றியிருக்கலாம். சோறு உண்ண வந்த கூட்டம் இன்றும் நாள்தோறும் வருகிறது. எந்தக் கூட்டம் நிற்கும், எது கலையும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். கருத்துக்காக மட்டும் கூடியவர்கள் கருத்து சலித்ததும் போய்விடுகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் ஏதாவது செய்யக் கூடியவர்கள் தங்கிவிடுகிறார்கள்.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான போதத்துக்குச் சூத்திரங்கள் பன்னிரண்டே. பதினோராவது சூத்திரத்தோடு வீடுபேறு பேசியாயிற்று. கடைசிச் சூத்திரம் அதற்குப் பிறகும் அடியாரோடு கூடியிருக்கவும், அவர்கள் திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடவும் சொல்கிறது. கூட்டம் கத்துக்குட்டிகளுக்கு, தேறியவருக்குத் தனிமை என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. அவ்வளவு சுருக்கமாக எழுதிய ஆசிரியர் இறுதி இடத்தை இதற்கு ஒதுக்கியிருக்கிறார்.

ஏற்பாடு செய்பவரின் நிலை என்ன? நாற்காலி எண்ணுபவர், ரசீது எழுதுபவர், மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பவர், எல்லோரும் கேட்கும் உரையைக் கடைசிவரை கேட்க முடியாமல் பந்திக்கு ஓடுபவர். இவருக்கு ஆன்மிகத்தில் பங்கு உண்டா? பெரியபுராணத்தில் இவருக்கென்றே ஒரு நாயனார் இருக்கிறார். சீகாழிக் கணநாதர். அவர் பெரிதாகத் தவம் செய்யவில்லை, அற்புதமும் நிகழ்த்தவில்லை. தம்மிடம் வந்தவர்களுக்கு வேலை பழக்கினார். நந்தவனம் வைப்பவர், பூப் பறிப்பவர், மாலை தொடுப்பவர், திருமஞ்சன நீர் சுமப்பவர், பெருக்கி மெழுகுபவர், விளக்கேற்றுபவர், திருமுறை எழுதுபவர், எழுதியதை வாசிப்பவர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் தகுதிக்கேற்ற பணியில் தேற்றினார். எழுதுபவரும் பெருக்குபவரும் ஒரே பட்டியலில் வருவதைக் கவனிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த பேறு சிவகணங்களுக்குத் தலைவராவது. அறுபத்து மூவரில் கண்ணைத் தோண்டிக் கொடுத்தவரையும் பிள்ளையை அரிந்து சமைத்தவரையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். கணநாதரைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. பேச வேண்டும். வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிவது அரிய வரம், தானே எல்லாவற்றையும் சுமந்து ஒரே ஆண்டில் களைத்துப்போகும் அமைப்பாளர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

திருவாசக முற்றோதல் இன்று சிற்றூர்களில்கூட நடக்கிறது. 51 பகுதிகள், 658 பாடல்கள். காலையில் உட்கார்ந்தால் மாலை ஆகிவிடும். நடுவே சாப்பாடு உண்டு. பதிகத்துக்கு ஒருவர் முன்னெடுத்துச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். இல்லத்தரசி தொடங்கும் பதிகத்தைப் பேராசிரியர் பின்தொடர்ந்து ஓதுவது அங்கே சாதாரணம். இந்த அமைப்பு தணிகைப் படிக்கு மிக அருகில் நிற்கிறது, அதனால்தான் பரவுகிறது.

சமயத்துக்கு வெளியேயும் பார்க்கலாம். இணையத்தில் தமிழ் எழுதுபவர்கள், முகம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஒருவர் படித்தவர்கள், 2012இல் சென்னையிலும் 2014இல் மதுரையிலும் 2015 அக்டோபரில் புதுக்கோட்டையிலும் நேரில் திரண்டார்கள். இத்தகைய சந்திப்புகளில் சிறப்பு விருந்தினரின் உரையைவிட, ஒவ்வொருவரும் எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் நேரமே உயிருள்ளது. புனைபெயருக்கு ஒரு முகம் கிடைக்கிறது. எழுத்தில் சண்டை போட்டவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து மோர் கேட்கும்போது அந்தச் சண்டையின் அளவு தெரிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் குறைத்துப் பிரமுகர் பேச்சைக் கூட்டும் எந்த நிகழ்ச்சி நிரலும் மறுபடியும் துரை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விடும்.

திருவாரூர்க் கதையில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. சுந்தரர் ஒதுங்கிப் போனார், சரி. உள்ளே இருந்தவர்களில் ஒருவராவது எழுந்து வந்து அவரைக் கூப்பிட்டார்களா? கூச்சத்தால் வெளியே நின்றவரைச் செருக்கென்று எண்ணிவிடுவது எளிது. விறன்மிண்டரின் கண்டிப்பு இல்லாவிட்டால் திருத்தொண்டத் தொகை இல்லை, அது உண்மை. ஆனாலும் எல்லாக் கூட்டத்துக்கும் பாட்டெடுத்துக் கொடுக்க இறைவன் வரமாட்டான், வாசலில் ஆள்தான் நிற்க வேண்டும். அப்படி வந்த திருத்தொண்டத் தொகையும் தனியடியாரோடு நிற்காமல் ஒன்பது தொகையடியாரைச் சொல்கிறது. அவர்களில் ஒரு தொகுதி அப்பாலும் அடிச்சார்ந்தார். தமிழ்நாட்டுக்கு அப்பால் இருப்பவர்கள், முன்னே வாழ்ந்தவர்கள், பின்னே வரப்போகிறவர்கள்.

எல்லையோரத்து மணவூருக்கு அந்த ‘அப்பால்’ மிகப் பக்கம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ. சிவஞானம் முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகே இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறினாலும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் தெலுங்குக் குடும்பங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பலருக்குத் தமிழ்ப் பேச்சு புரியும், எழுத்து படிக்க வராது. மணவூரில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடவோ எழுதியதைப் படித்துக்காட்டவோ ஏற்பாடு செய்தால், அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் திரும்பும் வண்டி நேரம் பார்த்து முடிக்கும் வேளையை முதலில் குறிக்க வேண்டும், பெருக்கவும் பரிமாறவும் பெயர் எழுதி வைக்க வேண்டும். பாட்டுத்தாள் அச்சடிக்கும்போது தெலுங்கு எழுத்திலும் ஒரு கட்டு போட்டு வாசலில் நிற்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.